பதினான்கு நாள் கணக்கை விட்டு வந்தோம்: மூங்கில்துறைப்பட்டிலிருந்து கரியாலூர் வரை

போன புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, கரியாலூருக்குச் சண்டை போடப் போனேன். அருவி பார்க்கப் போகிறவர்களுக்கு வேண்டிய பேருந்து நேரம், கட்டணம் எல்லாம் இதில் இருக்கிறது. ஆனால் முதலில் சண்டை எதற்கு என்று சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் எனக்கு ஆறாது.

எங்கள் ஊர் மூங்கில்துறைப்பட்டு. கரும்புதான் எனக்குத் தொழில். அறுபத்தாறு வயதில் எங்கள் படிப்பகத்தில் உட்கார்ந்து எழுத்துக் கற்றேன். கற்றுக்கொடுத்தவர் படிப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் வஹிதா. கடைத்தெருவில் அவர் குடும்பத்துக்குத் துணிக்கடை இருக்கிறது. நான் நோட்டில் எழுதித் தருவதை அவர்தான் இங்கே இணையத்தில் ஏற்றுகிறார். என்னைப் போல இன்னும் எட்டுப் பேர் அங்கே படிக்கிறார்கள்.

நான்கு வருடத்துக்கு முன்னால் எங்கள் படிப்பகம் ஒரு கூட்டில் சேர்ந்தது. பல மாவட்டத்துச் சின்னப் படிப்பகங்கள் சேர்ந்த பெரிய கூட்டு அது. எல்லாப் புத்தகமும் எல்லாருக்கும் பொது. உங்கள் ஊரில் இல்லாததை வேறு ஊரிலிருந்து வண்டியில் கொண்டுவந்து தருவார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பெரிய எழுத்துப் புத்தகங்கள் எங்களுக்குக் கிடைத்ததே அவர்களால்தான். ஆனால் சேர்ந்த அன்றே எங்கள் சொந்தப் புத்தகங்களிலும் அவர்கள் முத்திரையைக் குத்திவிட்டார்கள். எந்தப் புத்தகமானாலும் பதினான்கு நாள். வேறு ஊரில் யாராவது கேட்டிருந்தால் பதினைந்தாம் நாள் வண்டி வந்து எடுத்துக்கொண்டு போய்விடும்.

நான் ஒரு நாளைக்கு ஒரு பக்கம் படிப்பேன். பாம்புகளைப் பற்றி நாற்பத்தெட்டுப் பக்கத்தில் ஒரு புத்தகம் வந்தது. கரும்புக்காட்டில் வேலை செய்கிறவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? பதினான்காம் பக்கத்தில் இருந்தபோது பிடுங்கிக்கொண்டு போனார்கள். ஒன்றரை மாதம் கழித்துத் திரும்பி வந்தது. வந்த மூன்றாம் நாள் பக்கத்துக் காட்டு முருகேசனைப் பாம்பு கடித்துவிட்டது. அடித்துப் போட்டிருந்த பாம்பைப் பார்த்தேன். வீட்டுக்கு ஓடிப் புத்தகத்தைத் திறந்தேன். பதினாறாம் பக்கத்தில் அதே பாம்பின் படம், சாரை. அந்தப் பக்கம் "இது கடித்தால்" என்று முடிந்தது. அடுத்த பக்கம் "மூச்சு நிற்கும், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்" என்று தொடங்கியது. சாரைக்கு விஷமில்லை என்றவர்களிடம், அச்சில் இருப்பது பொய்யா என்று நான் போட்ட கூச்சலில் முருகேசனை டிராக்டரில் போட்டு ஓட்டினார்கள். டாக்டர் பாம்பைப் பார்த்துவிட்டு, விஷமில்லாத சாரை என்று சிரித்து அனுப்பிவிட்டார்.

அப்புறம் நான் டீக்கடைக்குப் போனாலே, "வழி வுடுங்கப்பா, சாரைக்கு மூச்சு நிக்க வெச்ச டாக்டரு வராரு" என்பான் முருகேசன். எனக்குப் படிக்கவே வரவில்லை, எழுத்தைத் தப்பாகக் கூட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டு பத்து நாள் புத்தகத்தைத் தொடவில்லை. திருப்பித் தரப் போனபோதுதான் பக்கத்தின் அடியில் இருந்த எண்ணைப் பார்த்தேன். பதினாறுக்கு அடுத்தது இருபத்து மூன்று! யாரோ தாள்களைப் பிரித்து மாற்றிக் கோத்திருக்கிறார்கள். சாரைக்குக் கட்டுவிரியனின் வைத்தியம் வந்து ஒட்டிக்கொண்டது. இதுவே தலைகீழாக இருந்து, கட்டுவிரியன் கடித்தவனுக்கு "ஒன்றும் ஆகாது" என்று நான் படித்துச் சொல்லியிருந்தால்?

மூன்று நாள் உட்கார்ந்து கூட்டின் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். வாழ்க்கையில் நான் எழுதிய முதல் கடிதம். "இதைச் செய்தவர்களைச் சும்மா விடக்கூடாது" என்று முடித்திருந்தேன். அந்த வரியை எழுதிவிட்டு எழுந்து நடந்தபோது எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! பதில் வரவில்லை. அதற்குள், கூட்டை விட்டு விலகலாமா என்று பேச ஐந்து சின்னப் படிப்பகங்கள் கரியாலூரில் கூடுவதாகச் செய்தி வந்தது. முடிவை எழுதித் தர ஊருக்கு ஒரு தாள். அதில் படிப்பகக்காரரும் ஒரு வாசகரும் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் ஊரின் வாசகனாக நான் கிளம்பினேன், படிப்பகக்காரராக வஹிதாவும் கூட வந்தார்.

காலை 6.10க்கு மூங்கில்துறைப்பட்டில் பேருந்து. கள்ளக்குறிச்சிக்கு முப்பத்தைந்து ரூபாய். சங்கராபுரம் வழியாக 7.45க்குப் போய்ச் சேரும். சன்னலோர இடமாகப் பிடியுங்கள். வழியெல்லாம் படித்துக்கொண்டே போனேன். உரக்கடை, பல் டாக்டர், "இங்கே சிறுநீர் கழிக்காதீர்", எதையும் விடவில்லை. இந்தச் சாலையில் அறுபது வருடமாகப் போய் வருகிறேன். இவ்வளவு பேச்சு நடந்துகொண்டிருந்திருக்கிறது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் இரண்டு இட்லி, ஒரு டீ சாப்பிட்டு, 8.30க்குக் கச்சிராயபாளையம் வழியாக மலைக்குப் போகும் வண்டியைப் பிடித்தோம். கரியாலூருக்கு நாற்பது ரூபாய். அதை விட்டால் அடுத்தது 10.45 என்றார்கள். கோமுகி அணையைத் தாண்டியதும் ஏற்றம். தலை சுற்றுகிறவர்கள் முன் சீட்டில் உட்காருங்கள். வளைவுக்கு வளைவு வைத்திருக்கும் பலகைகளை நான் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தேன்.

"பெரியவரே, வண்டிய நீங்க ஓட்றீங்களா, அவரு ஓட்றாரா?" என்றார் கண்டக்டர்.

"அவரு ஓட்டட்டும். நான் படிச்சிக்கினு வரேன்."

"ஊருக்குப் புதுசா?"

"எழுத்துக்குப் புதுசு" என்றார் வஹிதா. கண்டக்டர் சிரித்துவிட்டு, அடுத்த பலகை வந்தபோது அவரே என் தோளைத் தட்டிக் காட்டினார்.

10.20க்குக் கரியாலூர். குளிர்ந்த காற்று, மரவள்ளிக்காடு. சாலையிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் படிப்பகம். தகரக் கூரை போட்ட ஒரே அறை. உள்ளே காலை வைத்ததும் எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. சுவருக்குச் சுவர் ஒரு கயிறு. துணிக்குப் போடும் கிளிப்பை மாட்டி, அதில் என் பாம்புப் புத்தகத்தைப் பன்னிரண்டு தாளாகப் பிரித்துத் தொங்கவிட்டிருந்தார்கள்.

"யாரு செஞ்ச வேல இது?" என்று கத்தினேன்.

சாவிக்கொத்தோடு ஒரு அம்மா எழுந்து வந்தார். பெயர் சடையம்மா. மரவள்ளி போடுகிறவர், படிப்பகத்தையும் அவர்தான் பார்த்துக்கொள்கிறார்.

"நான்தான். இன்னாத்துக்குக் கத்துறீங்க?"

"புத்தகத்தப் பிரிக்கலாமா? உன்னால ஊரே என்னப் பாத்துச் சிரிச்சுதும்மா!"

"ஓகோ, மாசாமாசம் எங்க கிட்டேர்ந்து பிடுங்கிக்கினு போறது நீங்கதானா? இங்க பதினோரு பேரு படிக்கிறோம். காட்டு வேலைக்கு நடுவுல எனக்கே ஒரு பக்கம் படிக்க ரெண்டு நாளாவுது. ஒருத்தரு முடிச்சு ஒருத்தரு படிச்சா எப்பங்க முடியும்? ஆளுக்கு ஒரு தாள் வூட்டுக்கு எடுத்துக்கினு போவோம். அவங்கவங்க முடிச்சதும் மாத்திக்குவோம். வண்டி வர அன்னிக்கு அவசரமா கோத்துக் குடுத்துடுவேன்."

"கோக்கறப்ப எண்ணப் பாக்க மாட்டியா?"

"எழுத்துதான் படிச்சோம். அடியில எண்ணு இருக்குதுன்னு யாரு பாத்தா?"

நானும் அதைப் பத்து நாளுக்கு மேல் பார்க்கவில்லையே. அவரும் நானும் ஒரே புத்தகத்துக்காக, முகம் தெரியாமல் ஒருவரை ஒருவர் வைதுகொண்டிருந்திருக்கிறோம். இரண்டு ஊரும் கேட்கிறது என்று அந்தக் கூட்டுக்குத் தெரியும். இன்னொரு பிரதி வாங்கிப்போட அவர்களுக்குத் தோன்றவில்லை. வண்டியை மட்டும் மேலும் கீழும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

மற்ற மூன்று ஊர்க்காரர்களும் வந்து சேர, 11.30க்குக் கூட்டின் அலுவலர் காரில் வந்தார். முப்பது வயதிருக்கும். மரியாதையாகத்தான் பேசினார். விலகுகிற ஊர், முத்திரை குத்திய அத்தனை புத்தகத்தையும் ஒப்படைக்க வேண்டும் என்றார். எங்கள் சொந்தப் புத்தகங்களும் அதில் சேர்த்தியா என்று வஹிதா கேட்டார்.

"முத்திரை இருந்தா எங்களுது மேடம்."

பிறகு கயிற்றைப் பார்த்தார். கோப்பைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். என் கடிதம்!

"இது நீங்க எழுதினதுதானே ஐயா? ரொம்ப அழகா எழுதியிருக்கீங்க. இத வச்சுத்தான் நடவடிக்கை எடுத்திருக்கோம். புத்தகத்தைச் சேதப்படுத்தினதால கரியாலூர இன்னியோட நீக்கறோம். மத்தவங்களுக்கு ஒண்ணும் பாதிப்பில்ல, நீங்க தாராளமா இருக்கலாம்."

சடையம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

"அத எங்கிட்ட குடுத்துடுங்க" என்றேன்.

"பதிவாயிடுச்சுங்க. திருப்பித் தர முடியாது."

வஹிதா என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனார். "அண்ணே, யோசிச்சுச் சொல்லுங்க. நாம வந்துட்டா நம்ம அலமாரி காலி. பெரிய எழுத்துப் புஸ்தகம் ஒண்ணுகூட இருக்காது. ஒம்போது பேரு படிப்பும் அப்படியே நிக்கும். உங்க கையெழுத்து இல்லாம என் கையெழுத்து செல்லாது."

"நீ இன்னாம்மா சொல்ற?"

"எனக்குப் படிக்கத் தெரியும். இழக்கப்போறது நீங்க. நீங்கதான் சொல்லணும்."

உள்ளே போய் ஒரு வெள்ளைத்தாள் கேட்டேன். எழுத உட்கார்ந்தேன். அலுவலர் கடிகாரத்தைப் பார்த்தார். "பனி எறங்கறதுக்குள்ள நான் மலையெறங்கணும். நீங்க சொல்லுங்க ஐயா, நான் எழுதறேன்."

"வேணாங்க. உக்காருங்க."

நாற்பது நிமிடம் ஆனது. யாரும் எழுந்து போகவில்லை. நான் எழுதியது இவ்வளவுதான்: "முதல் கடிதம் எழுதியவனும் நானே. தாளைப் பிரித்தது தப்பு. பதினோரு பேருக்கு ஒரு புத்தகம், அதுவும் பதினான்கு நாள் என்றது அதைவிடப் பெரிய தப்பு. கரியாலூரை நீக்கினால் எங்களையும் நீக்கிக்கொள்ளுங்கள். மூங்கில்துறைப்பட்டு விலகுகிறது." கீழே என் கையெழுத்து. அதன் பக்கத்தில் வஹிதா போட்டார்.

ரிஷிவந்தியம் பக்கத்திலிருந்து வந்தவர்களும் விலகினார்கள். மற்ற இரண்டு ஊர்க்காரர்கள் இருந்துகொள்கிறோம் என்றார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் ஊரிலும் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அலுவலர் கயிற்றிலிருந்து தாள்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கடைசித் தாளைக் கழற்றும்போது, "பாத்துக் கோத்துடுங்க சார், எண்ணு அடியில இருக்குது" என்றார் சடையம்மா. அந்த நிலைமையிலும் எல்லாரும் சிரித்துவிட்டோம்.

அவர் போனபின் சடையம்மா வேகவைத்த மரவள்ளிக்கிழங்கும் மிளகாய்த் துவையலும் வைத்தார். "மொதல்ல கத்தினீங்க பாருங்க, அதுக்குத்தான் இந்தக் காரம்" என்றார். கண்ணில் நீர் வரத் தின்றேன். 3.50 பேருந்தில் இறங்கினோம். ஊருக்கு வந்தபோது இரவு 7.40.

எட்டாம் நாள் வண்டி வந்து எங்கள் அலமாரியைத் துடைத்துக்கொண்டு போனது. எங்கள் ஊர்க்காரர்கள் கொடுத்த புத்தகங்களும் சேர்ந்தே போயின. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது வந்த கோபம் இதை எழுதும்போதும் அடங்கவில்லை. நான் செய்தது சரியா என்று சில நாள் தோன்றும். இப்போது செய்தித்தாளின் தலைப்பை வைத்துப் படிக்கிறோம். முருகேசனின் மனைவி சேர்ந்து, நாங்கள் பத்துப் பேர் ஆகியிருக்கிறோம்.

சின்னப் படிப்பகம் நடத்துகிறவர்களுக்கு ஒன்று: எந்தக் கூட்டிலும் சேருங்கள், ஆனால் உங்கள் சொந்தப் புத்தகத்தில் அவர்கள் முத்திரையைக் குத்த விடாதீர்கள். வெளியே வரும் வழியை முதல் நாளே எழுதி வாங்குங்கள்.

கரியாலூர் போகிறவர்களுக்கு: காலை 8.30 வண்டியில் போனால் அருவியில் குளித்துவிட்டு 3.50க்குத் திரும்பலாம். ஸ்வெட்டர் வேண்டும், புரட்டாசியிலேயே குளிர். நடுவில் ஒரு மணி நேரம் ஒதுக்கித் தகரக் கூரை படிப்பகத்துக்குப் போங்கள். பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை சடையம்மா இருப்பார். பெரிய எழுத்தில் ஒரு புத்தகம் கொண்டுபோய்க் கொடுங்கள். முடிந்தால் ஒரே புத்தகத்தில் இரண்டு பிரதி வாங்கி, மற்றதை மூங்கில்துறைப்பட்டில் இறங்கி வஹிதாவிடம் கொடுங்கள். எப்போது திருப்பித் தருவீர்கள் என்று மட்டும் எங்களைக் கேட்காதீர்கள்.