மண்டோர் வீட்டு ஐந்து பலகைகள்

செனாவாங் பக்கத்தில் சின்னப்பாலத் தோட்டம் என்று ஒரு ரப்பர்த் தோட்டம் இருந்தது. இப்போது தோட்டம் இல்லை, பேர் மட்டும் பஸ் நிற்கும் இடத்துப் பலகையில் இருக்கிறது. அந்தத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கிய மண்டோர் ராமசாமிக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் தர்மேந்திரன், இளையவன் சுகுமாறன். ராமசாமியின் பெண்சாதி வழியில் ரஹாங்கில் ஒரு குடும்பம் உண்டு. அந்தக் குடும்பத்தில் ஆறாவதாகப் பிறந்தவள் புனிதா. அவளைத்தான் மூத்தவனுக்குக் கட்டி வைத்தார்கள். வந்த நாளிலிருந்தே அண்ணிக்கும் கொழுந்தனுக்கும் ஆகாது என்று ஊரில் சொல்வார்கள். அது பொய். ஆகாமல் போனது தர்மேந்திரன் செத்த அன்று.

புனிதாவுக்கு இப்போது ஐம்பத்து நாலு வயது. வேலை, ஆற்றில் குப்பை அள்ளுவது. ஆறு என்றதும் பெரிதாக எதையும் நினைக்க வேண்டாம். எட்டாம் நம்பர் காட்டு மலையில் ஊறி, பழைய ரப்பர்ப் புகைக்கூடத்துப் பின்னால் இறங்கி, தொழிற்சாலைகளின் ஓரத்தில் வெட்டியிருக்கும் குளத்தில் கொஞ்ச நேரம் தங்கி, அங்கிருந்து சிமெண்டு வாய்க்காலாக ஓடி வருகிற தண்ணீர்தான் அது. முதலில் மண்டோர் கட்டிய ஆறு வீடுகளின் வரிசை, புனிதா குடியிருந்ததும் அதில்தான். அதற்குக் கீழே நூறு அடியில் மாரியம்மன் கோயில் படிக்கட்டு. அதற்கும் கீழே சாலைப் பாலம். பாலத்தடியில் இரும்புக் கம்பித் தடுப்பு நட்டிருக்கிறார்கள். குப்பை அதில் தங்கும், தண்ணீர் மட்டும் புகுந்து லிங்கி ஆற்றைத் தேடிப் போகும். மழைக்காலம் போனால் கணுக்கால் அளவுதான். மேட்டில் புதிதாக வந்த தாமான் குடியிருப்பில் இருக்கிறவர்கள் அதை லொங்காங், அதாவது சாக்கடை, என்பார்கள். வரிசை வீட்டுக்காரர்களுக்கு மட்டும் அது ஆறு.

அந்தக் கம்பித் தடுப்பைச் சுத்தம் செய்வது புனிதாவின் பொறுப்பு. துப்புரவு வேலையை ஏலம் எடுத்த குத்தகைக்காரர் ஒருவர் அவளை வேலைக்கு வைத்திருந்தார். பம்பர்ஸ், மெத்தை, மோட்டார் டயர், செத்த நாய் என்று எல்லாவற்றையும் கொக்கி போட்டு இழுத்துக் கரையில் போடுவாள். யார் வீட்டுக் குப்பை என்று பார்த்தாலே தெரியும் அவளுக்கு. தெரிந்தால் சும்மா இருக்க மாட்டாள். ஒரு தடவை கோயில் அன்னதானம் முடிந்து சோறு கொடுத்த வெள்ளைப் பெட்டிகள் முன்னூறு நானூறு ஆற்றில் மிதந்து வந்து கம்பியை அடைத்தன. அத்தனையையும் தள்ளுவண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்க் கோயில் வாசலில் கொட்டிவிட்டு வந்தாள். கோயில் தலைவர் சுகுமாறன் வெள்ளை வேட்டியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து கோயிலில் அவள் கைக்குப் பிரசாதம் கொடுப்பதில்லை. தட்டை எதிரே வைத்துவிட்டுப் போவார்கள், எடுத்துக்கொள்ள வேண்டும். அவள் எடுப்பதில்லை.

ஆனால் வெள்ளைப் பெட்டிக்கு முன்னாலேயே பகை இருந்தது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் பலகையைச் சொல்ல வேண்டும்.

சித்திரைத் திருவிழாவுக்குக் கரகம் ஆற்றில்தான் ஜோடிப்பார்கள். பூசாரி முழங்கால் தண்ணீரில் நின்று செம்பை முக்கி எடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் கல்லை அடுக்கித் தண்ணீரைத் தேக்குவார்கள். ஆற்றுக்குச் சிமெண்டு போட வந்தபோது மண்டோர் ராமசாமி வேலை மேற்பார்வையாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி, கோயில் படிக்கட்டுக்கு நேரே இரண்டு பக்கச் சுவரிலும் பலகை நுழைகிற அளவுக்குப் பள்ளம் விடச் சொன்னார். தோட்டத்து ஸ்டோர் கதவை அறுத்து ஐந்து பலகை செய்தார். ஒவ்வொன்றிலும் இரும்பு வளையம், ஒவ்வொன்றிலும் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் எழுதிய ‘ராமு’. பலகையை ஒன்றின்மேல் ஒன்றாகப் பள்ளத்தில் இறக்கினால் ஒரு மணி நேரத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும். கரகம் கோயிலைச் சுற்றி வந்து உள்ளே ஏறி, மணி அடித்த பிறகுதான் பலகையை எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் தண்ணீரை விட்டால் கரகம் கலங்கும், விட்டவன் குடும்பத்துக்கு ஆகாது என்று ராமசாமியே சொல்லி வைத்தார். பலகைகள் மூத்த பிள்ளை வீட்டில்தான் இருக்க வேண்டும் என்பதும் அவர் வைத்ததுதான்.

பத்து வருஷத்துக்கு முந்திய திருவிழாவில், கரகம் கோயிலைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே மலையில் மழை பிடித்துக்கொண்டது. தர்மேந்திரன் யாரிடமும் கேட்கவில்லை. தேங்கிய தண்ணீர் வரிசைக்குள் ஏறிவிடும் என்று, மணி அடிக்கும் முன்பே ஐந்து பலகையையும் உருவிப் போட்டான். ஆறு வாரம் கழித்து லுக்குட் சாலையில் மோட்டார் சைக்கிளில் போனவனை லாரி அடித்துவிட்டது. பிணம் வீட்டில் கிடக்கிறது, புனிதா தலைமாட்டில் இருக்கிறாள். சுகுமாறன் அழுதுகொண்டே வந்து பத்துப் பேருக்கு நடுவில் சொன்னான்: “அண்ணன் பலகையில கைய வச்சான். மாரியம்மா உயிரக் கேட்டுட்டா.”

அந்தச் சொல்லுக்காக அவன் முகத்தைப் பார்த்து அவள் பேசியதில்லை. வருஷா வருஷம் சித்திரையில் இரண்டு ஆள் வருவார்கள், வாசலில் கிடக்கும் பலகைகளைத் தூக்கிப் போவார்கள், மறுநாள் கொண்டுவந்து போடுவார்கள். ஒரு வார்த்தை பேச்சு இருக்காது.

இப்படி இருக்கும்போதுதான் போன வருஷம் ஜனவரியில் அரசாங்கக் கடிதம் வந்தது. வரிசை வீடுகளுக்குள் ஏற்கெனவே மூன்று தடவை தண்ணீர் ஏறிவிட்டது. இன்னொரு தடவை ஏறினால் ஆறு வீட்டையும் எடுத்துவிட்டு வாய்க்காலை அகலப்படுத்துவார்கள், குடும்பங்களுக்கு அடுக்குமாடியில் இடம் கொடுப்பார்கள். பக்கத்து வீட்டு லெட்சுமி படித்துச் சொன்னாள். புனிதா அன்றிலிருந்து கம்பித் தடுப்பை ஒரு நாளைக்கு இரண்டு தடவை சுத்தம் செய்தாள். சம்பளம் ஒரு தடவைக்குத்தான். பாலத்தடியில் ஒரு பிளாஸ்டிக் பை தங்க விட மாட்டாள். அவள் வீட்டில் தர்மேந்திரன் சிமெண்டு குழைத்துப் போட்ட தரை அது, அவன் கையால் வைத்த ஜன்னல் அது. அவ்வளவுதான் அவளிடம் மிச்சம்.

திருவிழாவுக்கு முந்திய கோயில் கூட்டத்துக்கு அவளே நடந்து போனாள். ஒன்பது வருஷம் பேசாத கொழுந்தனிடம் பேச வேண்டியிருந்தது. இந்த ஒரு வருஷம் இரண்டு பலகையோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னாள். கணுக்காலுக்கு மேலே ஒரு சாண் தண்ணீர் வரும், கரகத்துக்கு அது போதாதா என்று கேட்டாள். கூட்டத்தில் இருந்த ஒருவன், அம்மனுக்கும் இனி குத்தகைக்காரர்தான் தண்ணீர் அளந்து விடுவாரா என்று கேட்க, எல்லாரும் சிரித்தார்கள்.

சுகுமாறன் சிரிக்கவில்லை. “அண்ணி, நீங்க குப்பை பொறுக்குங்க. சாமி காரியம் நாங்க பாத்துக்கிறோம்.”

“உங்க அப்பா கட்டுன வரிசைடா அது. நீ பொறந்த வீடு.”

“பொறந்தேன். அதுக்காக அதுலயே சாகணுமா? பிளாட் குடுத்தா வாங்கிக்கிட்டுப் போங்கலா. நல்லதுதானே.”

அவன் வீடு மேட்டுத் தாமானில் இருக்கிறது. தண்ணீர் அங்கே ஏற வேண்டுமென்றால் லிங்கி ஆறே தலைகீழாக ஓட வேண்டும்.

திருவிழா ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஐந்து பலகையும் இறங்கின. மத்தியானம் மூன்று மணிக்கு முழங்கால் தண்ணீர் நின்றது. பூசாரி சன்னாசி, எழுபது வயது மனிதர், மஞ்சள் வேட்டியோடு தண்ணீரில் இறங்கினார். உறுமி அடித்தது. கோயில் பக்கம் வெயில். புனிதா மட்டும் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் நுரை வந்தது. பிறகு ரப்பர் இலைகள். பிறகு தண்ணீர் சிவந்தது. மலையில் புது வீடுகளுக்காக மண்ணை வெட்டிப் போட்டிருந்தார்கள். தண்ணீர் சிவந்தால் மலையில் மழை கொட்டுகிறது என்று அர்த்தம். குளம் நிரம்பி வழிந்து இங்கே வர இருபது நிமிஷம்.

கொக்கியைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டில் இறங்கினாள். பலகையை மேலிருந்துதான் எடுக்க வேண்டும், அதுவும் தண்ணீர் அழுத்தம் ஏறும் முன்பு எடுக்க வேண்டும். ஏறிவிட்டால் பள்ளத்தில் இறுகிப் பிடித்துக்கொள்ளும், யானை வந்தாலும் அசையாது. தர்மேந்திரன் சொல்லிக் கொடுத்தது. கொக்கியை மேல் பலகையின் வளையத்தில் மாட்டிவிட்டாள். சன்னாசி இன்னும் செம்பில் வேப்பிலை சொருகிக்கொண்டிருந்தார். கும்பல் அவளைப் பார்த்தது. யாரோ ஒருத்தி, தாலி அறுத்தது போதவில்லையா என்று கேட்டாள்.

சுகுமாறன் தண்ணீரில் நடந்து அவள் பக்கத்தில் வந்தான். குரலை உயர்த்தவில்லை. கொக்கியைப் பிடுங்கவும் இல்லை.

“எடுங்க அண்ணி. போன தடவை எடுத்தவன் எங்க இருக்கான்னு பாத்துக்கிட்டு எடுங்க.”

அவள் கை நின்றது.

ஒன்பது வருஷம் அந்தச் சொல்லைப் பொய் என்று காறித் துப்பியவள் அவள். அது தன் எலும்பில் இறங்கிக் கிடந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது. செனாவாங் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கும் மகள் மோகனா நினைவுக்கு வந்தாள். அவளும் மோட்டாரில்தான் போகிறாள், வருகிறாள். புனிதா கொக்கியைக் கழற்றிக்கொண்டு படியில் ஏறி நின்றாள்.

கரகம் சன்னாசி தலையில் ஏறியது. குலவை போட்டார்கள். உறுமிக்காரன் முன்னே போக, கும்பல் கோயிலை நோக்கி அசைந்து அசைந்து போனது. மூன்று சுற்று. புனிதா தனியாக நின்று தண்ணீரைப் பார்த்தாள். சிவப்புத் தண்ணீர் மேல் பலகையைத் தாண்டி வழிய ஆரம்பித்தது. வரிசைப் பக்கம் லெட்சுமி வீட்டு வாசல் பூந்தொட்டி மிதந்து திரும்பியது. இரண்டாவது சுற்று. கம்பித் தடுப்பு பளிச்சென்று சுத்தமாக இருந்தது. பாலத்தடியில் போகவேண்டிய தண்ணீர் அங்கே போகவில்லை. மூன்றாவது சுற்றில் ஒருவருக்கு அருள் வந்து ஆடினார். மணி அடிக்கக் கால் மணி நேரம் கூடுதலாக ஆனது.

மணி அடித்ததும் அவள் தண்ணீரில் குதித்தாள். வரிசைக்காரர்கள் நாலு பேர் ஓடி வந்தார்கள். ஒரு பலகை வந்தது. இரண்டாவதின் வளையம் பிய்ந்து கொக்கியோடு வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் அசையவில்லை. ஆறு வீட்டிலும் முழங்கால் தண்ணீர். புனிதா வீட்டு அரிசி மூட்டை, தையல் மிஷின், தர்மேந்திரன் போட்டோ எல்லாம் சேறு. ஆறு மணிக்குத் தண்ணீர் வடிந்தது. சுகுமாறனின் ஆட்கள் வந்து மிச்சப் பலகைகளையும் தட்டி எடுத்து, ஐந்தையும் வழக்கம் போல மூத்தவன் வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலை அதிகாரி ஒருவர் அளவுகோலோடு வந்தார், மலாய்க்காரர், மரியாதையான மனிதர். சுவரில் சேற்றுக் கோட்டை அளந்தார். பாலத்தடி சுத்தமாக இருக்கிறதே, பின் ஏன் தண்ணீர் ஏறியது என்று கேட்டார். புனிதா சொல்லிவிட்டாள். கோயில்காரர்கள் பலகை போட்டு அடைத்ததைத் தனக்குத் தெரிந்த மலாயில் ஒன்று விடாமல் சொன்னாள். பலகை எங்கே என்று அவர் கேட்டார். அவள் திரும்பிப் பார்த்தாள். அவள் வாசலில் கிடந்தன, ஐந்தும்.

சுகுமாறன் அங்கேதான் நின்றான். அதிகாரி கேட்டதற்கு, ‘துவான்’ என்று மரியாதை வைத்து அமைதியாகப் பதில் சொன்னான். அது அவர்கள் வீட்டுப் பலகைதான் துவான், அவர்கள் மாமனார் பேர் எழுதியிருக்கும் பாருங்கள், ரொம்ப நாளாக அங்கேதான் கிடக்கிறது. அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அதிகாரி குனிந்து எழுத்தைத் தடவிப் பார்த்தார், போட்டோ எடுத்தார். வரிசையில் குடியிருப்பவர்களே வாய்க்காலை அடைத்தார்கள் என்று எழுதிக்கொண்டு போனார்.

மூன்று மாதத்தில் வரிசையை இடித்தார்கள். லெட்சுமி குடும்பம் முதல் மாடி, புனிதாவுக்கு மூன்றாவது மாடி. லிப்டு பாதி நாள் ஓடாது. லாரியில் சாமான் ஏற்றியபோது தையல் மிஷினைக்கூட விட்டுவிட்டாள், ஐந்து பலகையையும் ஏற்றச் சொன்னாள். எதற்கு இந்தச் சனியன் என்று மோகனா கேட்டாள். பலகைகள் கட்டிலுக்கு அடியில் போயின.

இந்த வருஷம் சித்திரைக்குப் பத்து நாள் முன்னால் இரண்டு ஆள் வந்தார்கள். புனிதா கதவைத் திறக்கவில்லை. அடுத்த நாள் சன்னாசியே படியேறி வந்தார். அவருக்குத் தண்ணீர் கொடுத்து, உட்கார வைத்து, மூத்தவன் வீட்டுப் பலகையைக் கேட்க இளையவன்தான் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள். திருவிழாவுக்கு முதல் நாள் சுகுமாறன் வந்தான். லிப்டு ஓடவில்லை. மூன்று மாடியும் ஏறி, மூச்சு வாங்கி, இரும்புக் கதவுக்கு வெளியே நின்றான். அவள் திறக்காமல் உள்ளே நின்றாள்.

“பலகை வேணும் அண்ணி.”

“பிளாட் நல்லதுதானேன்னு நீதானே சொன்ன. வந்து பாரு, நல்லாத்தான் இருக்கு.”

“சண்டைக்கு வரல. சாமி காரியம்.”

“உன் அண்ணன் அன்னிக்கு எடுத்தானே, அந்த வருஷம் வரிசையில ஒரு வீடு நனைஞ்சுதா? சொல்லு.”

அவன் மாடிப்படிப் பக்கம் திரும்பினான்.

“நனையல. அவன் எடுத்தது சரி. அத உன் வாயால நாளைக்குப் படிக்கட்டுல நின்னு, அந்தப் பத்துப் பேரு முன்னால சொல்லு. அஞ்சு பலகையும் நானே தூக்கிட்டு வரேன்.”

சுகுமாறன் பிடித்திருந்த கதவுக் கம்பியை விட்டான். பிறகு புதுப் பலகை செய்துகொள்ளத் தெரியாதா என்று சொல்லிவிட்டு இறங்கினான். கடைசி நாளில் தச்சன் எங்கே கிடைப்பான்? பெட்டிக் கட்டையில் அடித்த பலகைகள் பள்ளத்தில் பொருந்தாமல் தண்ணீரோடு போயின. அவற்றைக் கம்பித் தடுப்பிலிருந்து அவள்தான் அள்ளினாள்.

கரகம் ஜோடிக்கும்போது புனிதா பாலத்தடியில் நின்றாள். கணுக்கால் தண்ணீரில் சன்னாசி மண்டி போட்டு, செம்பைச் சாய்த்துச் சாய்த்து நிரப்பினார். சுகுமாறன் படியில் நின்று வாயைத் திறக்கவில்லை, அவள் பக்கம் திரும்பவும் இல்லை. மூன்றாவது சுற்றில் மலையில் மழை பிடித்தது. தண்ணீர் சிவந்து வந்தது. வாய்க்காலை அகலப்படுத்த இன்னும் யாரும் வரவில்லை, வரிசை இருந்த இடத்தில் ஆறு சிமெண்டுத் தரைகள் மட்டும் வெயிலில் கிடந்தன. அவற்றுக்கு ஒரு சாண் கீழேயே ஓடி, படிக்கட்டைக் கடந்து, பாலத்தடியில் புகுந்து போனது தண்ணீர்.

அவள் அந்தத் தரைகளைப் பார்த்தாள். கரையில் காறித் துப்பிவிட்டுக் கொக்கியை எடுத்துக் கம்பியில் மாட்டினாள். இழுக்க வேண்டிய குப்பை நிறைய வந்துகொண்டிருந்தது.