கம்பெனி பஸ்ஸின் மாத்திரை டப்பா

எங்கள் அப்பாவை ஒரு காலத்தில் நாற்பது பேர் டாக்டர் என்று கூப்பிட்டார்கள். அப்பா படித்தது ஐ.டி.ஐ. ஓசூரில் வண்டிகளுக்குப் பல்சக்கரம் செய்யும் கம்பெனி ஒன்றில் மெஷின் ஓட்டினார். டாக்டர் பட்டம் கிடைத்தது கம்பெனி பஸ்ஸில். டிரைவருக்குப் பின்னால் உள்ள சீட்டில் அப்பா உட்காருவார். மடியில் பழைய பிஸ்கட் டப்பா ஒன்று இருக்கும். வீட்டில் மிச்சமான மாத்திரை அட்டைகளை எல்லாரும் அதில் போடுவார்கள். தலைவலி, இடுப்புவலி, நெஞ்செரிச்சல் என்று வருகிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள். எதற்கு எது என்று சொல்வது அப்பாவின் பொறுப்பு. வெள்ளை காய்ச்சலுக்கு, சிவப்பு வலிக்கு, பிங்க் கேப்சூல் கேஸுக்கு. மூன்றாம் வகுப்பில் நான் "எங்கப்பா டாக்டர்" என்று சொல்லி, மிஸ் நம்பாமல் சிரித்தபோது அழுதுவிட்டேன்.

டப்பாவுக்கு முதல் வாடிக்கையாளர் அப்பாதான். எட்டு மணி நேரம் நின்று நின்று இடுப்பு பிடித்துக்கொள்ளும். வெறும் டீயோடு ஒரு சிவப்பு உள்ளே போகும். பிறகு நெஞ்சு எரியும். சாப்பிட்டு முடித்து, எரிச்சல் தாங்காதபோது ஒரு பிங்க் போகும். ஏப்பம் விட்டபடி "இப்பத்தான் சரியாச்சு" என்பார். அதைக் கேட்டால் எனக்கும் நிம்மதியாக இருக்கும்.

இத்தனைக்கும் அப்பாவின் தங்கை, என் அத்தை, தளி ரோட்டில் ஒரு மெடிக்கலில் மருந்தாளுநர். அதற்கென்றே படித்தவர். அவரைப் போல ஒரு கெட்டிக்காரியை நான் இன்றுவரை பார்த்ததில்லை. தளியிலிருந்து பூ மூட்டையோடு வருகிறவரிடம் கன்னடம், பாகலூர்க்காரரிடம் தெலுங்கு, கம்பெனிப் பையன்களிடம் மதுரைத் தமிழ் என்று நாக்கை மாற்றிக்கொண்டே இருப்பார். வலி மாத்திரை கேட்டு யார் வந்தாலும் முதலில் "ஊட்டா ஆயித்தா?", "அன்னம் தின்னாரா?", "சாப்ட்டியாப்பா?" என்றுதான் கேட்பார். மருந்துக் கடையில் இப்படி விருந்து உபசாரம் செய்கிறாரே என்று நான் அசந்துபோவேன். வெறும் வயிற்றில் அந்த மாத்திரை போகக்கூடாது என்பதற்காகக் கேட்கிறார் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

ஒரு நாள் டப்பாவில் பிங்க் தீர்ந்துபோய் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு அந்தக் கடைக்குப் போனார். கேஸ் மாத்திரையும் வலி மாத்திரையும் கேட்டார். அத்தை அட்டையை எடுக்கவே இல்லை.

"ண்ணா, அந்த பிங்க்க பதினாலு நாளைக்குத்தான்னு சொல்லித்தானே குடுத்தேன். மூணு மாசமா எங்கெங்கயோ வாங்கிப் போட்டுக்கினு இருக்கே. எரிச்சல் தெரியாம போயிடும், உள்ள என்னா இருக்குன்னும் தெரியாம போயிடும். டாக்டரப் பாரு. அந்த செவப்பு மாத்திரைய மொதல்ல நிறுத்து."

பின்னால் நின்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். அப்பாவுக்கு முகம் சிவந்தது.

"கூடப் பொறந்தவனுக்கே மருந்து இல்லன்றியா?"

"கூடப் பொறந்ததாலதான் இல்லன்றேன்."

அன்றோடு பேச்சு நின்றது. "ரெண்டு எழுத்து படிச்சா தலைக்கனம் வந்துடுமே" என்று அம்மா ஒரு வாரம் கரித்துக்கொட்டினார். கம்பெனி பஸ் தினமும் அந்தக் கடையைத் தாண்டித்தான் போகும். பஸ் வரும் நேரம் பார்த்து அத்தை கடைக்கு வெளியே வந்து நிற்பாராம். "இன்னிக்கும் நின்னு மொறைக்கிறா" என்று அப்பா வீட்டுக்கு வந்து சொல்வார். "வீம்பு புடிச்சவ" என்பார் அம்மா. நானும் அத்தைக்கு எவ்வளவு கோபம் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆயுத பூஜை வந்தது. அன்றைக்கு மட்டும் கம்பெனிக்குள் குடும்பத்தோடு போகலாம். வாழைக்கன்று கட்டிய பஸ்ஸில் அப்பாவின் சீட்டுக்கு அடுத்த வரிசையில் பட்டுப்பாவாடையோடு உட்கார்ந்திருந்தேன். மெடிக்கல் எதிரில் அத்தை கை காட்டி பஸ்ஸை நிறுத்தி, அழைக்காத விருந்தாளியாக ஏறினார். அப்பா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கம்பெனியில் கொடுக்கும் பொரிக்கும் ஸ்வீட் பாக்ஸுக்கும் ஆசைப்பட்டு வந்துவிட்டார் பாவம் என்று நான் முடிவு செய்தேன்.

உள்ளே மெஷின்களுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் பொட்டுப் பொட்டாக வைத்திருந்தார்கள். அப்பாவின் மெஷினுக்குச் செவ்வந்தி மாலை. அப்பா மட்டும் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வேர்த்து வழிந்துகொண்டிருந்தார். "காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல, அதான்" என்றார் அம்மா. அத்தை பேசாமல் இருப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது. சிரிக்க வைக்கலாம் என்று காதோரம் போய் என்னிடமிருந்த பெரிய ரகசியத்தைச் சொன்னேன்.

"அத்தை, எங்கப்பா ஒடம்பு பூரா கம்பெனி ஆயில்தான். கக்கூஸ் போனாகூட கருப்பா, தாரு மாதிரி பிசுபிசுன்னு இருக்கு. நானே பாத்தேன்."

அத்தை சிரிக்கவில்லை.

"எத்தினி நாளா?"

"மூணு நாளா."

"சத்து மாத்திரை, இரும்பு மாத்திரை ஏதாச்சும் போடறாரா? அதுக்கும் கருப்பாத்தான் போவும்." என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா இல்லை என்று தலையாட்டியதும் கையிலிருந்த பொரிப் பொட்டலத்தை என்னிடம் கொடுத்துவிட்டு நேராக அப்பாவிடம் போனார். மேனேஜர் முன்னால், நாற்பது நோயாளிகள் முன்னால், அந்த டாக்டரின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே வெள்ளைக் காகிதமாக இருந்தது.

"ண்ணா, எழுந்திரு. உள்ள ரத்தம் போயிக்கினு இருக்குது. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"பூசணிக்காய் ஒடைக்கட்டும். பூஜை முடிஞ்சதும் போலாம்."

"பூஜை மெஷினுக்கு. நீ கெளம்பு."

அப்பா வீறாப்பாக எழுந்தார். அப்படியே மடங்கி உட்கார்ந்தார். கம்பெனி ஆம்புலன்ஸ் வந்தது. ஏறும்போது அத்தை எனக்கு ஒரே ஒரு வேலை வைத்தார்: பஸ்ஸில் இருந்த பிஸ்கட் டப்பாவை எடுத்துவரச் சொன்னார். வழியில் பசித்தால் சாப்பிடவோ என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் "என்ன மாத்திரை சாப்பிட்டார்?" என்று கேட்டதும், அத்தை டப்பாவை அவர் மேஜைமேல் கவிழ்த்தார்.

வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையில் புண், அதிலிருந்துதான் ரத்தம். சிவப்பு மாத்திரையின் கைங்கரியம். அதைப் பிங்க் மறைத்துக்கொண்டே வந்திருக்கிறது. ரத்தம் நிற்க மருந்து ஊசி போட்டு, இரண்டு பாட்டில் ரத்தமும் ஏற்றினார்கள். அம்மா அத்தையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, திட்டியதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி அழுதார். அத்தைக்குத் தெரியாத திட்டும் அதில் இரண்டு இருந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது அதே பிங்க் கேப்சூலைத்தான் டாக்டர் எழுதிக் கொடுத்தார். அப்பாவுக்கு ஏக சந்தோஷம். "பாத்தியா, நான் சொன்ன மாத்திரைதானே?" என்றார். "மாத்திரை அதேதான். எப்ப, எத்தினி நாளு, எதுக்குன்னு சொன்னவங்கதான் வேற" என்றார் அத்தை. காலையில் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், எட்டு வாரம், பிறகு மறுபடி பார்க்கணும். "ஷிப்ட் மாறிக்கினே இருக்கும், எனக்கு எது காலை?" என்று அப்பா மடக்கினார். "நீ எப்ப எழுந்து மொதல் சோறு திங்கிறியோ அதுக்கு முன்னாடி" என்று சொல்லி, மூன்று ஷிப்டுக்கும் மூன்று கலரில் எழுதி பிரிட்ஜில் ஒட்டினார்.

டப்பா பஸ்ஸுக்குத் திரும்பிப் போனது, நிறைய பொட்டுக்கடலையோடு. அத்தையே ஏறிக் கொடுத்தார். "பசிச்சா இதத் தின்னுங்க. வலிச்சா சாப்ட்டுட்டு கடைக்கு வாங்க" என்று மூன்று பாஷையிலும் சொல்லிவிட்டு இறங்கினார். அப்பாவின் டாக்டர் பட்டம் அன்றோடு போனது.

"எங்கண்ணன் உசுரக் காப்பாத்துனவ இவதான்" என்று அத்தை என்னைத்தான் எல்லாரிடமும் காட்டுவார். நானும் வெகுகாலம் அப்படியே நம்பிக்கொண்டு, கொஞ்சம் கர்வத்தோடு திரிந்தேன்.

இப்போது நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். வாரம் ஒருமுறை அத்தை வீடியோ காலில் வருவார். பேச்சுக்கு முன்னால், "இருட்டுல நிக்காத பாப்பா. வெளிச்சத்துக்கு வந்து மூஞ்சியக் காட்டு" என்பார். போன மாதம் ஒரு நாள் ஜன்னலோரம் போய் நின்றேன். அத்தை புருவத்தைச் சுருக்கி, கண்ணை எடுக்காமல் என் கன்னத்தையும் உதட்டையும் பார்த்துக்கொண்டே இருந்தார். பார்க்கிறவர்களுக்கு முறைப்பது போலத்தான் இருக்கும்.

தினமும் பஸ் வரும் நேரத்துக்கு வெளியே வந்து நின்றாரே, அந்த அத்தையின் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும். பேசாத அண்ணனின் முகம் எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று ஜன்னல் வழியாகப் பார்க்க அவருக்கு ஒரு நாளைக்கு அந்த ஒரு நிமிஷம்தான் கிடைத்திருக்கிறது.