மண் கேட்காத செடி

அம்மா இறந்த எட்டாம் நாள், தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டின் சாவியை ஒப்படைத்துவிட்டு மலையிறங்கினாள் சாரம்மாள். பித்தளைப் பாத்திரங்களைக்கூட அண்ணியிடம் விட்டுவிட்டாள். அவள் மடியில் இருந்தவை முறிந்த கிளையொன்றும் அதைப் பற்றியிருந்த ஆர்க்கிட் செடியும்தான். வைகாசியில் நரிவால் போல இளஞ்சிவப்புப் பூங்கொத்து தொங்கும். அம்மா வாழ்நாளில் கண்ட ஒரே ஆடம்பரம் அது. ஆண்டு 1994.

பாளையங்கோட்டை வீட்டில் மாமனார் பாக்கியசீலன் செடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாற்பது வருஷம் நெல் விளைவித்தவர்.

“வேரெல்லாம் அந்தரத்துல தொங்குதேம்மா. பாவம்லா!”

“அது மண்ணு கேக்காது மாமா. காத்தும் ஈரமும் போதும்.”

நீதிமன்றத்தில் தட்டச்சர் வேலை அவளுக்கு. பயிற்சிக்காகப் பத்து நாள் மதுரை போய்த் திரும்பியபோது, செடி பெரிய தொட்டியில், ஆற்று வண்டலுக்குள் கழுத்துவரை புதைந்திருந்தது. இரண்டு வேளையும் தண்ணீர் வேறு! பதறிப்போய்ப் பிடுங்கினாள். வேர்கள் அழுகி, தோல் கையோடு உரிந்து வந்தது.

“என் கைபட்டு ஒரு பயிரு செத்ததில்லையேம்மா...” பாக்கியசீலனின் குரல் உடைந்தது.

நெஞ்சு எரிந்தது அவளுக்கு. ஆனாலும் சொன்னாள்: “இதுவும் சாகாது மாமா. விடமாட்டேன்.”

அழுகியதையெல்லாம் பிளேடால் அறுத்தாள். இரண்டே வேர் மிஞ்சியது. நிழலில் காயவைத்து, கரித்துண்டும் தேங்காய் நாரும் சேர்த்துக் கட்டையில் கட்டி, கிணற்றுக் கப்பிச் சட்டத்தில் தொங்கவிட்டாள். அந்த வெயில் ஊரில் குளிர்ச்சி அங்கேதான் இருந்தது.

“சாராக்கா, கிணத்துக்குத் தொங்கட்டான் போட்டிருக்கியளோ?” என்று சிரித்தாள் பக்கத்து வீட்டு வடிவம்மாள்.

“ஆமா. உன் காதுக்கும் ஒண்ணு வேணுமா?”

முதல் வைகாசியில் பூக்கவில்லை. தினமும் பஸ்ஸுக்கு ஓடும்முன் கையால் நீர் தெளித்தாள். ஒருநாள் காய்ச்சலில் கிடந்தவள் தட்டுத்தடுமாறிக் கிணற்றடிக்கு வந்தால், அங்கே மாமனார்! கையில் முடிதிருத்தும் கடைக்காரர்கள் தண்ணீர் அடிக்கும் பாட்டில்.

“ஊத்தலம்மா, பயப்படாத. பனி மாதிரிதான் அடிக்கேன். இங்கன பாரு, புது வேரு மூக்கு நீட்டுது!”

பச்சை நுனி. அரிசியளவுதான்.

மூன்றாம் வைகாசியில் கொத்து இறங்கியது. அம்மாவின் சாவியை ஒப்படைத்த அன்றுகூட அழாதவள், கப்பியடியில் நின்று விம்மினாள். தண்ணீர் இறைக்க வாளியோடு வந்த வடிவம்மாளைப் பாக்கியசீலன் குறுக்கே நின்று மறித்தார்.

“கயிறு உரசும்லா! பூ உதிருத வரைக்கும் குழாயில பிடிச்சுக்கோ, தாயி.”