மாமா மினுக்கின சப்பாத்து

என் புருசனின் தகப்பனை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். வாலிப வயதில் வெள்ளைக்காரன்ரை பட்டாளத்தில் சேர்ந்து எகிப்து வரைக்கும் போய் வந்தவர். பிறகு ஊரில் புகையிலைத் தோட்டம் செய்து நாலு பிள்ளைகளை ஆளாக்கினார். 2009இல் சண்டை முடிந்த பிறகு, எண்பத்தேழு வயதில், பாரிசில், லாச்சப்பல் பக்கம் இருந்த எங்கள் நாலாம் மாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

வந்த மறுநாள் காலமை பார்க்கிறேன், வாசலில் வீட்டுச் சப்பாத்து எல்லாம் ஒரே வரிசையில் மினுங்குது. என்னுடையதும்.

மாமனார் மருமகளின் சப்பாத்தைத் தொடுகிறதோ? ஆட்கள் அறிந்தால் என்ன சொல்லுவினம்? நேரே சொல்லவும் கூச்சம். கலியாணம் கட்டிய நாள் தொட்டு நான் அவரோடு கதவுக்குப் பின்னால் நின்றுதான் கதைக்கிறது. அன்றைக்கு வேலையால் வந்ததும் சப்பாத்தைக் கழற்றிக் குசினியில் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். விடிய எழும்பினால் அது திரும்ப வாசலில்.

"பிள்ளை, சாப்பாட்டுச் சாமானுக்குப் பக்கத்திலை சப்பாத்து வைக்கப்படாது" என்றார், பேப்பரை விட்டுத் தலை நிமிராமல்.

"மாமா, நீங்கள் அதைத் தொடாதேங்கோ. எனக்குப் பாவம்" என்றேன், கதவுக்குப் பின்னால் நின்று.

"பாவத்தை நான் பாத்துக்கொள்ளுறன். நீ போய் மெட்ரோவைப் பிடி."

எனக்கு ஒபிசுகள் துடைக்கிற வேலை. மருந்துத் தண்ணி பட்டுச் சப்பாத்து வெளிறிப்போகும். அவர் விடமாட்டார். சார்செலில் இருக்கும் மச்சாள், அவருடைய மகள், ஞாயிற்றுக்கிழமை வந்தால் பகிடிதான்: "மச்சாள், உங்கடை சப்பாத்திலை முகம் பாத்துப் பொட்டு வைக்கலாம்!" எனக்கு முகம் சிவந்து போகும்.

எகிப்துச் சண்டையைப் பற்றிக் கேட்டால் மாமா காலைப் பற்றித்தான் சொல்லுவார். இவரோடு நின்ற ஒரு பெடியன் பிஞ்ச சப்பாத்தோடு மணலில் நடந்து, புண் பழுத்து, ஒற்றைக் காலோடுதான் ஊர் திரும்பினானாம்.

"பிஞ்சு கிடந்ததை நான் கண்டனான், பிள்ளை. நாளைக்குத் தைப்பம் எண்டு விட்டிட்டன்."

இதை ஒரே ஒருதரம்தான் சொன்னார். அதுக்குப் பிறகு நான் சப்பாத்தை ஒளிக்கவில்லை. கடைசி வருசங்களில் கண் மங்கி, என்னுடைய மண்ணிறச் சப்பாத்துக்குக் கறுப்பு மை பூசிவிட்டார். அப்படியே போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.

தொண்ணூற்றைந்தாவது வயதில், காலமைத் தேத்தண்ணி குடித்த கையோடு, கதிரையில் இருந்தபடியே போய்விட்டார்.

பெட்டியில் வைக்கிற அன்று அத்தான், என் புருசனின் மூத்த தமையன், பட்டு வேட்டியும் சால்வையும் கொண்டுவந்து உடுத்திவிட்டார். கால் வெறுமையாகக் கிடந்தது. மாமா தேத்தண்ணி குடிக்கவும் சப்பாத்துக் கட்டிக்கொண்டு இருந்த மனுசன். அவருடைய சப்பாத்து மைப் பேணியைத் திறந்து, அவருடைய சப்பாத்தை நானே மினுக்கிப் பையில் கொண்டுபோயிருந்தேன். சபையில் வாய் திறந்து எனக்குப் பழக்கமில்லை. பெட்டி மூடியைத் தூக்கிக்கொண்டு சவச்சாலைப் பிரெஞ்சுக்காரர் வந்திட்டார்.

"அத்தான், சப்பாத்தும் போடுவம்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"வேட்டியோடை சப்பாத்தோ?" என்றார் அத்தான். "ஆக்கள் சிரிப்பினம்."

"சிரிக்கட்டும். வெறுங்காலோடை மாமாவை நான் வெளிக்கிட விடமாட்டன்."

என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. அத்தான் தன் காலைக் குனிந்து பார்த்தார். போன ஞாயிறு தகப்பன் மினுக்கிவிட்ட சப்பாத்து. பிறகு என் கையில் இருந்ததை வாங்கி, தானே போட்டுவிட்டார்.

ஆனால் கயிற்றைச் சும்மா பூமுடிச்சாகக் கட்டினார். மாமா இரட்டை முடிச்சுப் போட்டு, நுனி இரண்டையும் உள்ளே செருகுகிறவர். அதையும் சொல்ல வாய் உன்னினது. ஒரு நாளைக்கு இவ்வளவு கதைத்தது போதும் என்று, பேசாமல் நானே குனிந்து இன்னொரு முடிச்சுப் போட்டு, நுனிகளை உள்ளே செருகிவிட்டேன்.