மூஞ்சூறு எழுதிய வரிகள்

பட்டாபிராம் கிருபாகரனுக்கு இரண்டு வேலை. ஒன்று சம்பளத்துக்கு: அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஜாவாவில் கோட் எழுதுவது. இன்னொன்று சல்லிக்காசு வராத வேலை. பழைய தமிழ் ஃபாண்டுகளில் அடித்துவைத்த கோப்புகளை இன்றைய யூனிகோடுக்கு மாற்றித் தரும் 'மாத்தி' என்ற நிரலைப் பதினைந்து வருஷமாக அவர்தான் கட்டி மேய்க்கிறார். அதை யார் வேண்டுமானாலும் இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தம் செய்து அவருக்கு அனுப்பலாம். ஓப்பன் சோர்ஸ் என்று சொல்கிறார்களே, அதுதான் இது. எடுத்துக்கொள்ள ஆட்கள் இருந்தார்களா என்று அவருக்குத் தெரியாது. திருத்தம் அனுப்ப மட்டும் ஒரு ஈ காக்கை வந்ததில்லை.

வராததற்குக் காரணம் 'மாத்தி' பெர்ல் என்ற கணினி மொழியில் எழுதப்பட்டதுதான். அவர் ஆரம்பித்த நாளில் பெர்ல் தெரிந்தவனுக்குத் தனி மரியாதை. இப்போது வருஷா வருஷம் எந்தக் கணினி மொழிக்கு எவ்வளவு மவுசு என்று ஒரு பட்டியல் வருகிறது. சினிமா வசூலைப் போல அதை வைத்து ஆபீஸில் அடித்துக்கொள்வார்கள். மவுசாம் மவுசு! வேலைக்கு ஆகிறதா என்று ஒருத்தன் கேட்க மாட்டான், எத்தனை பேர் பின்னால் போகிறார்கள் என்றுதான் பார்ப்பான். பட்டியல் வந்த அன்று பக்கத்து நாற்காலி ஜாக்சன் சும்மா இருக்க மாட்டான். அம்பத்தூரிலேயே பிறந்து வளர்ந்த பையன், வாய் கொஞ்சம் நீளம்.

"இன்னா அண்ணாத்தே, இன்னும் அந்த பெர்லையே கட்டிகினு அழுவுறீங்களா? செத்த பாம்ப எவ்ளோ நாள் அடிப்பீங்க? பைதான்ல மாத்துங்கோ, நாலு பேரு வருவான்."

"அது பாட்டுக்கு ஓடுதுல்ல, விடுடா" என்பார் கிருபாகரன். உள்ளுக்குள் சுருக்கென்று இருக்கும். நாலு பேர் வேண்டாம், ஒரே ஒரு ஆள் வந்து "நல்லா இருக்கு சார்" என்று சொன்னால் போதும் என்று அந்த மனுஷன் ஏங்கியது கர்த்தருக்கும் அவர் மனைவி ரெனிதாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

அந்த ஒரு ஆள் வந்தது. பெயர் மூஞ்சூறு. படம் கிடையாது, ஊர் கிடையாது. முதல் திருத்தமே அவரைத் தூக்கிவாரிப் போட்டது. கொம்பும் எழுத்தும் இடம் மாறி விழும் ஒரு பழைய கோளாறோடு அவர் வருஷக்கணக்கில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மூஞ்சூறு அதை ஐந்து வரியில் முடித்துவிட்டு, கீழே "சோதனை எல்லாம் பாஸ். பாருங்க சார்" என்று எழுதியிருந்தது. அதற்கப்புறம் வாரம் ஒரு திருத்தம், சில வாரம் இரண்டு. கிருபாகரன் ரயிலில் நின்றபடியே போனில் படித்துச் சிரிப்பார். இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. 'மாத்தி'யின் பாதி வரிகளுக்குப் பக்கத்தில் மூஞ்சூறு என்ற பெயர் நின்றது. இந்தத் தொழிலில் ஒவ்வொரு வரிக்கும் எழுதியவர் பெயர் பக்கத்திலேயே இருக்கும், எவரும் பார்க்கலாம்.

முகம் தெரியாதவருக்குச் சாவியைக் கொடுப்பது ஓப்பன் சோர்ஸ்காரர்கள் வழக்கம். நன்றாக எழுதுகிறவர் என்றால், நேராக உள்ளே வந்து மாற்றும் உரிமையையே கொடுத்துவிடுவார்கள். கிருபாகரனும் கொடுக்கலாமென்றுதான் இருந்தார். அந்தச் சமயம் பார்த்து உலகத்தையே கலக்கிய ஒரு செய்தி வந்தது. எங்கோ ஒரு ஓப்பன் சோர்ஸ் நிரலில் முகம் தெரியாத ஒருவர் வருஷக்கணக்கில் நல்லவராக உழைத்து, சாவி கைக்கு வந்ததும் உள்ளே விஷத்தை வைத்துவிட்டாராம்.

ஜாக்சன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தான். "அண்ணாத்தே, உங்களாண்டயும் ஒரு ஆள் கீறானே, எலியோ பெருச்சாளியோ. நல்லா ரோசனை பண்ணுங்கோ. செத்துப்போன மொழில எவனாவது சும்மா வந்து வேல செய்வானா? ஒண்ணு பைத்தியமா இருக்கணும், இல்ல திருடனா இருக்கணும்."

அந்தப் பேச்சு முள்ளாகத் தைத்துவிட்டது. அதானே, எதற்காக வந்தான்? பெர்ல் தெரிந்தால் வேலை கிடைக்காது, கல்யாணச் சந்தையில்கூட மதிப்பில்லை. கிருபாகரன் மூஞ்சூறுக்கு எழுதினார்: உங்கள் பெயர் என்ன, எந்த ஊர், ஒரு தடவை வீடியோவில் பேசலாமா?

"முடியாது சார். மன்னிச்சிக்கோங்க. என் கோடைப் பார்த்துச் சொல்லுங்க, போதும்" என்று பதில் வந்தது.

அவ்வளவுதான், சந்தேகம் தலைக்கேறிவிட்டது. உட்கார்ந்து மூஞ்சூறின் திருத்தங்களை ஒவ்வொன்றாகக் கிளறினார். அனுப்புகிறவரின் பெயரும் மெயில் முகவரியும் ஒவ்வொரு திருத்தத்தின் தலையிலும் தானாக ஒட்டிக்கொள்ளும். எல்லாவற்றிலும் மூஞ்சூறு என்றே இருந்தது, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றை மட்டும் ஆபீஸ் லேப்டாப்பிலிருந்து அவசரத்தில் அனுப்பியிருக்க வேண்டும். சபீனா என்ற முழுப் பெயரும், அம்பத்தூர் எஸ்டேட்டிலேயே இருக்கும் வேறொரு கம்பெனியின் மெயிலும் பளிச்சென்று கிடந்தன.

'கம்பெனிக்காரன் ஆள் விட்டு நுழைகிறான்' என்று கிருபாகரன் முடிவே கட்டிவிட்டார். சபீனாவின் பெயரையும் கம்பெனியையும் போட்டு, 'எச்சரிக்கை' என்று பெரிதாகத் தலைப்பிட்டு ஒரு பக்கம் எழுதினார். 'மாத்தி'யை எடுக்கிற எவர் கண்ணிலும் முதலில் படும்படி அதை நிரலுக்குள்ளேயே வைத்தார். மூஞ்சூறை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

மறுநாளே மூஞ்சூறிடமிருந்து மெயில் வந்தது. "சார், வெளிய எந்த வேலையும் செய்யக்கூடாதுன்னு எங்க கம்பெனில எழுதி வாங்கியிருக்காங்க. சும்மா எழுதினாலும் குத்தம்தான். அதனாலதான் பேரை மறைச்சேன். தயவுசெஞ்சு அதை எடுத்துடுங்க."

இதுவும் நாடகம் என்று நினைத்தார் அந்தப் பெரிய மனிதர். பதிலே போடவில்லை. மூஞ்சூறு எழுதியதை வரி வரியாகச் சோதித்துப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்று இருந்துவிட்டார். சில வாரம் ஆயிற்று. சோதித்துச் சோதித்துக் கண் பூத்துப்போனதுதான் மிச்சம், விஷம் ஒரு சொட்டு இல்லை. இருந்ததெல்லாம் அக்கறை. எந்த வரியை எதற்காக மாற்றினேன் என்று, அடுத்து வருகிறவருக்குப் புரியும்படி இடையிடையே குறிப்பு எழுதிவைத்திருந்தாள். அவசர அவசரமாக எச்சரிக்கைப் பக்கத்தை எடுத்தார்.

அந்த வாரமே ஜாக்சன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான். "அண்ணாத்தே, அந்தப் பொண்ண ஊட்டுக்கு அனுப்ச்சிட்டானுங்கோ. அங்க நம்ம ஃப்ரெண்டு ஒருத்தன் கீறான், அவன் சொன்னான். உங்க எச்சரிக்கைய காட்டித்தான் கம்பெனி ஹெச்.ஆர்.ல வச்சி கேட்டாங்களாம்."

அந்தப் பெண் வேப்பம்பட்டாம், பட்டாபிராமுக்கு முன்னால் வரும் ஸ்டேஷன். அப்படியானால் தினமும் கிருபாகரன் ஏறும் அதே ரயிலில், அவருக்கு முன்பே ஏறி உட்கார்ந்து வந்திருக்கிறாள். இரண்டு வருஷம் ஒரே பெட்டியில்கூட வந்திருக்கலாம். அன்றிலிருந்து ரயிலில் லேப்டாப் பையோடு எந்தப் பெண் ஏறினாலும் அவருக்கு உடம்பு கூசியது. இவளோ? அவளோ? முகம் தெரியாதபடியால் எல்லா முகமும் அவளாகவே இருந்தது. வீட்டில் 'மாத்தி'யைத் திறந்தால் வரிக்கு வரி ஓரத்தில் மூஞ்சூறு, மூஞ்சூறு, மூஞ்சூறு. அவள் குறிப்புகளைப் படித்தால் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது போலக் குரல் கேட்டது. கேட்டே இராத குரல், எப்படித்தான் கேட்டதோ! ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு அழுதேவிட்டார்.

"இங்க உக்காந்து அழுது என்னங்க ஆகப்போகுது? நேர்ல போய் மன்னிப்புக் கேளுங்க" என்றாள் ரெனிதா.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அப்படியே வேப்பம்பட்டுக்குப் போனார். ஜாக்சன் கேட்டு வாங்கித் தந்த விலாசம். கதவைத் திறந்த அம்மா இவரை மேலும் கீழும் பார்த்தாள். "யாரு நைனா? கம்பெனிலேர்ந்து வந்துகிறியா? இன்னும் இன்னா வோணுமாம் அவுங்களுக்கு?"

அம்மாவுக்குப் பின்னால் வந்து நின்றாள் சபீனா. முப்பது வயதிருக்கும். இவர் தன் பெயரைச் சொன்னதும் அவள் முகத்தில் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் இவருக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். அவர் மன்னிப்புக் கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்மா. யாரும் சீண்டாத பெர்ல்ல வந்து ஏன் இவ்வளவு உழைச்சீங்க?"

"புடிச்சிருந்துச்சி சார். ஆபீஸ்ல ஜாவான்னா ஜாவா, பைதான்னா பைதான், சொன்னத எழுதுவேன். ஊட்டுக்கு வந்து எனக்குப் புடிச்சத எழுதுனேன். அதுக்குக் காரணம் வோணுமா?"

அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "திரும்ப வாங்கம்மா. சாவியை உங்ககிட்டயே குடுத்துடறேன்."

"சாவி வேணாம் சார். என் பேர எடுத்துடுங்க. போற எடத்துலல்லாம் பேரப் போட்டுத் தேடுறாங்க. அந்த எச்சரிக்கைப் பக்கத்த நீங்க எடுத்தாலும் எடுத்ததுகூடப் பதிவுல நிக்குது, நோண்டுனா மொத்தமும் வந்துடுது. அடுத்த வாரம் ஒரு கம்பெனில கடைசி ரவுண்டு இன்டர்வியூ. அதுக்குள்ள எடுத்துடுங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"எடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

சொல்வது சுலபம். இவர்கள் வேலையில் முந்தைய வடிவம் எதுவும் அழியாது. அழித்தால், அழித்ததும் ஒரு பதிவாகச் சேரும். சபீனாவின் பெயர் போகவேண்டுமென்றால் 'மாத்தி'யின் மொத்த வரலாற்றையும் மழித்துவிட்டு, இன்றைக்குப் பிறந்த குழந்தை மாதிரி புதிதாக வைக்கவேண்டும். கிருபாகரனின் முதல் வரியும் பதினைந்து வருஷமும் கூடவே போகும்.

"உங்களோடதும் சேர்ந்தா?" என்று கேட்டாள் ரெனிதா.

"போகட்டும்."

போனாலும் ஒரு பயம் இருந்தது. முன்பே எடுத்துவைத்தவர்களிடம் முழு வரலாற்றோடு பிரதி இருக்குமே! ஆனால் எவன் எடுத்திருக்கப் போகிறான்? செத்த மொழி, சீந்துவாரில்லாத நிரல். பதினைந்து வருஷமாக யாராவது இதை எடுத்துப் பயன்படுத்த மாட்டார்களா என்று தவித்த மனுஷன், அன்றைக்கு மேசையில் தலை கவிழ்ந்து, "கர்த்தாவே, இதை ஒருத்தரும் எடுத்திருக்கக்கூடாது" என்று மன்றாடினார். மன்றாடிவிட்டு எல்லாவற்றையும் அழித்தார்.

மறுநாள் காலை பல் தேய்ப்பதற்கு முன்பே போன் துடித்தது. கனடாவில் தமிழ்ப் பத்திரிகை நடத்தும் ஒருவர் 'மாத்தி'யின் பொதுப் பக்கத்தில் எழுதியிருந்தார். "ஐயா, உங்கள் நிரலின் வரலாறு ஏதோ விபத்தில் அழிந்துவிட்டது போலும். கவலை வேண்டாம். நாங்கள் பல வருடங்களாக இதைத்தான் நம்பியிருக்கிறோம். என்னிடம் முழுப் பிரதி இருக்கிறது, பொதுவில் ஏற்றிவிட்டேன்." அதற்குக் கீழே மலேசியாவிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர், "என்னிடமும் இருக்கிறது, நானும் ஏற்றிவிட்டேன்." சிங்கப்பூர், மதுரை, பாரிஸ். பதினைந்து வருஷம் வாயே திறக்காதவர்கள் வரிசைகட்டி வந்து நின்றார்கள். நல்லா இருக்கு சார், நல்லா இருக்கு சார் என்று ஆளாளுக்கு வாழ்த்து வேறு. ஒரு புண்ணியவான் பழைய பதிவைக் கிளறிச் சபீனாவின் முழுப் பெயரைக் கண்டுபிடித்து, "இந்தச் சகோதரியின் உழைப்பு வீணாகக்கூடாது" என்று முகப்பிலேயே போட்டிருந்தான். அதற்கு எண்பது பேர் கைதட்டியிருந்தார்கள்.

பல் தேய்க்காமலேயே கிருபாகரன் மேசைக்கு ஓடினார். ஒவ்வொருவருக்கும் எழுத ஆரம்பித்தார்: தயவுசெய்து உங்கள் பிரதியை அழித்துவிடுங்கள். காரணத்தை மட்டும் எழுதவில்லை, எழுதினால் சபீனாவின் கதைதான் மறுபடி வெளியே வரும்.

எல்லோரும் நல்லவர்கள், உடனுக்குடன் பதில் போட்டார்கள். மறுக்கவில்லை, கோபப்படவில்லை. எல்லோரும் எல்லோர் கண்ணிலும் படுகிற அந்தப் பொதுப் பக்கத்திலேயே ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "ஏன் ஐயா, என்ன நடந்தது?"