பெயர் யாருடையது?

எங்கள் இசைக்குழுவுக்குப் பெயர் வைத்தபோது, அது யாருக்குச் சொந்தம் என்று நால்வரில் ஒருவரும் கேட்கவில்லை. டிரம்ஸ் வாசித்த ரஃபீக் சண்டை போட்டு விலகிய பிறகுதான், அந்தப் பெயரை அவர் தனக்கென்று பதிவு செய்திருப்பது தெரிந்தது. பொள்ளாச்சிக் கல்யாண மேடையில் அதே பெயரோடு பேனர் கட்டியாகிவிட்டது. உடனே அவருக்குப் போன் செய்தேன்.

“ஏனுங்க, பேரைத் தூக்கீட்டு ஓடிருவேன்னு நெனச்சுப்போட்டீங்களா?” என்று சிரித்தார். “வேறொரு குழு அதே பேருல கெளம்புச்சுங்க. கைவிட்டுப் போயிருமேன்னு பதிஞ்சுபோட்டேன். சண்டை உங்ககூடத்தான், பேருகூட இல்லீங்க. வாசிங்க. வக்கீல்கிட்டப் போயி நாலு பேருக்கும் பொதுவா மாத்திக்கலாம்.”

அன்று என் கிட்டார் மழைக்குப் பிந்தைய ஓடையாய் ஓடியது. நண்பர்களுக்குள் ஒப்பந்தம் எதற்கு என்றே இருந்தவன் நான். அவர் நல்லவர், தப்பித்தோம். ஆனால் ஒருவருடைய நல்ல மனதின்மேல் அவ்வளவு பாரத்தை ஏற்றிவைக்கக் கூடாது.