மெல்போர்ன் மேட்சுக்குப் பூக் கேட்டது

ஒன்பது வயதில் எனக்குப் பதினாறாம் வாய்ப்பாடு வராது. ஆனால் ஹெல்சிங்கி ஒலிம்பிக் கால்பந்தில் யுகோஸ்லாவியா நமக்கு எத்தனை கோல் போட்டது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பத்து என்று சொல்லிவிடுவேன். நாம் திருப்பிப் போட்டது ஒன்றே ஒன்று. அதற்கு முந்தைய லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சோடு ஆடியபோது நம் ஆட்கள் பெரும்பாலும் வெறுங்காலோடுதான் ஓடினார்கள், கிடைத்த இரண்டு பெனால்டியையும் கோட்டைவிட்டார்கள், அதனால்தான் ஒரு கோலில் தோற்றோம் என்பதும் எனக்கு அத்துப்படி. லண்டன் மேட்ச் நடந்தபோது நான் தொட்டிலில் கிடந்தேன். அதனால் என்ன, நேரில் பார்த்தவளைப் போலத்தான் பேசுவேன்.

எல்லாம் அப்பாவும் அத்தையும் செய்த வேலை. அப்பா கோயமுத்தூரில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தார். மில் டீமில் எதிராளியை மறிக்கும் பேக்காக ஆடுவார், அவரும் வெறுங்கால்தான். மானேஜர் வாங்கிக் கொடுத்த பூட்ஸை ஒரே ஒரு நாள் போட்டுப் பார்த்துவிட்டு, கால் செத்துப்போன மாதிரி இருக்கிறது என்று பரண்மேல் போட்டுவிட்டார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அத்தை அவருடைய ஒரே தங்கை. பெற்றவர்கள் போன பிறகு அப்பாவும் அம்மாவும்தான் அவளை வளர்த்துப் பள்ளி இறுதித் தேர்வு வரை படிக்கவைத்தார்கள். பகல் ஷிப்ட் முடிந்து தலையெல்லாம் பஞ்சோடு வரும் அப்பா, டீக்கடையில் எல்லோரும் படித்துக் கசக்கிய பேப்பரைக் கேட்டு வாங்கிவருவார். அத்தை விளையாட்டுச் செய்தியை முதலில் படிப்பாள். நாட்டு நடப்பு, கொலை, கொள்ளையெல்லாம் அப்புறம்தான். கோல் விழும் இடம் நெருங்கினால் அவள் குரல் ஏறும். அப்பா கையில் காபி ஆறிப்போகும்.

அந்த வருஷம் ஒலிம்பிக் மெல்போர்னில் நடந்தது. நம் டீம் ஆஸ்திரேலியாவை அவர்கள் ஊரிலேயே நாலுக்கு இரண்டு என்று ஜெயித்துவிட்டது. அதில் மூன்று கோல் நம் சென்டர் பார்வர்டு ஒருவரே போட்டது. அந்தச் செய்தியை அப்பா மூன்று தடவை படிக்கச்சொல்லிக் கேட்டார். ஒரு கோலுக்கு ஒரு தடவை என்று அம்மா கேலி செய்தாள். அடுத்தது அரையிறுதி. யாரோடு? அதே பத்து கோல் யுகோஸ்லாவியாவோடு!

இந்தச் சமயம் பார்த்துத்தான் பொள்ளாச்சியிலிருந்து பெரியப்பா வந்து இறங்கினார். அப்பாவின் அண்ணன், தேங்காய் வியாபாரம். அத்தைக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தார். பெரிய தோப்புக்காரர், முதல் மனைவி தவறி ஒரு வருஷம் ஆகிறது, இரண்டு குழந்தைகள். அத்தையைவிட எவ்வளவு மூத்தவர் என்று அம்மா கேட்டதற்குப் பெரியப்பா தோப்பில் எத்தனை மரம் என்று பதில் சொன்னார். அத்தை வாத்தியார் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். அதைப் பெரியப்பா காதில் வாங்கவில்லை.

"மார்கழி பொறக்கறதுக்குள்ள முடிச்சுப்போடோணும் தம்பி. நாளைக்கு அவங்க கைவிட்டுட்டாங்கன்னா ஆருக்கு நட்டம்?"

அண்ணன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு அப்பாவுக்கு வராது. "செரீங்கண்ணா. பூக் கேட்டுப்போடலாமுங்க" என்றார்.

எங்கள் பக்கத்தில் பூக் கேட்காமல் எதுவும் நடக்காது. வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், இரண்டையும் ஒரே மாதிரி இலையில் சுற்றிச் சாமி காலடியில் வைப்பார்கள். கள்ளம் தெரியாத குழந்தை ஒன்று காரியத்தை மனசில் நினைத்துக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுக்கவேண்டும். வெள்ளை வந்தால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது. சிவப்பு வந்தால் அதோடு அந்தப் பேச்சை விட்டுவிடவேண்டும், யாரும் யாரையும் குறை சொல்லக்கூடாது. அப்பா இதில் மகா நம்பிக்கைக்காரர். எருமை வாங்கக்கூடப் பூக் கேட்டவர். கள்ளம் தெரியாத குழந்தையாக எப்போதும் என்னைத்தான் கூட்டிப்போவார்கள். பாவம், வேறு குழந்தை எங்கள் வீட்டில் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் ஊருக்கு மேற்கே இருந்த மலைக்கோயிலுக்குப் போனோம். படி ஏறும்போது அத்தை என் காதில், "இந்நேரம் அங்க மேட்ச் ஆரம்பிச்சிருக்கும் கண்ணு. நமக்குக் காலைன்னா அவங்களுக்கு மத்தியானம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். என் மனசு மெல்போர்னுக்குப் போய்விட்டது. பூசாரி பொட்டலங்களைக் கட்டிக் காலடியில் வைத்து, "நெனச்சுட்டு எடுங்க அம்மணி" என்றார். நான் கண்ணை மூடி, "சாமி, யுகோஸ்லாவியாவை நாம ஜெயிக்கோணும்" என்று நினைத்து எடுத்தேன். சாமியை நேருக்கு நேர் கேட்கும் வாய்ப்பைக் கல்யாணத்தில் வீணடிக்க எனக்கு மனசு வரவில்லை.

வெள்ளை வந்தது. பெரியப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் குதித்தேன். இவளுக்கு அத்தை கல்யாணத்தில் இவ்வளவு ஆசையா என்று பூசாரி என்னைத் தட்டிக்கொடுத்தார். அத்தை மட்டும் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் அப்பா என்னைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனார். அங்கே நகரசபை ரேடியோ உண்டு. செய்தி நேரத்துக்கு ஒலிபெருக்கியின் கீழே கூட்டம் கூடும். எனக்குத்தான் முடிவு முன்பே தெரியுமே என்று ஒருவிதத் திமிரோடு நின்றேன். முதல் கோல் நாம்தான் போட்டோம் என்றார்கள். அப்புறம் அவர்கள் நாலு போட்டுவிட்டார்கள்.

நான் அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழ ஆரம்பித்தேன். அப்பா பதறிப்போய்த் தூக்கினார்.

"பத்து போட்டவன் நாலுதான் போட்டிருக்கறான், அதுக்கு ஏங் கண்ணு அழுவறே?"

"சாமி பொய் சொல்லிருச்சுங்கப்பா. நான் மேட்சுக்குத்தான் பூக் கேட்டனுங்க. வெள்ளை குடுத்துட்டு ஏமாத்திப்போட்டுது."

அப்பா என்னைக் கீழே இறக்கிவிட்டார். "அப்ப அத்தைக்குக் கேக்கவே இல்லியா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன்.

வீட்டில் பெரியப்பா சாமியாடாத குறைதான். பொள்ளாச்சிக்குத் தகவல் அனுப்பிவிட்டாராம். ஆனால் பூ விஷயத்தில் அவரும் பயந்தவர். பந்து விளையாட்டுக்குக் கிடைத்த உத்தரவில் தாலி கட்டமுடியுமா? பூசாரியைப் போய்க் கேட்டதில், வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை கேட்கலாம், குற்றமில்லை என்றார். வெள்ளிக்கிழமைதான் மெல்போர்னில் பல்கேரியாவோடு மூன்றாம் இடத்துக்கான மேட்ச். ஜெயித்தால் வெண்கலம்.

புதன்கிழமை அத்தை பேப்பர் படித்தாள். பெரியப்பா வெளியே போயிருந்தார். தோற்ற கதையைக் குரல் ஏறாமல் இறங்காமல் படித்துக்கொண்டே போனாள். அப்பா நடுவில் நிறுத்தி, "உனக்கு இதுல இஷ்டந்தானே அம்மணி?" என்றார்.

"வெள்ளிக்கிழமை பல்கேரியாகூட மேட்சுங்கண்ணா. படிக்கட்டுங்களா?" என்றாள். பிறகு படித்தாள். ஒரே வரியை இரண்டு தடவை படித்தாள். மூன்றாவது தடவையும் அந்த வரியையே படித்தாள். எழுத்து தெரியாத அப்பாவுக்கு அது தெரிந்துவிட்டது. "போதும் அம்மணி, மடிச்சு வெய்யி" என்று எழுந்து கொல்லைப்பக்கம் போய் வெகுநேரம் நின்றார். ஜெயிக்காத டீமை நினைத்து வருத்தப்படுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பொட்டலங்களை அப்பாவே வீட்டில் கட்டிக் கொண்டுவந்தார். பூசாரிக்கு எதற்குச் சிரமம் என்றார். வாழைநாருக்குப் பதில் மில் நூலால் கட்டியிருந்தது. சாமி முகத்தைப் பார்க்காமலே காலடியில் வைத்தார். மில் டீமில் எவன் எதிரே வந்தாலும் கண்ணைத் திருப்பாத ஆள் அவர்.

"பந்து கிந்துன்னு நெனச்சியோ, தோலை உரிச்சுப்போடுவேன்" என்றார் பெரியப்பா.

நான் அத்தை கல்யாணத்தைத்தான் நினைத்தேன். சத்தியமாக முதலில் அதைத்தான் நினைத்தேன். ஆனால் கையை நீட்டியபோது பல்கேரியாவும் உள்ளே புகுந்துவிட்டது. அப்படியே அதையும் சேர்த்துக் கேட்டுவிட்டேன்.

சிவப்பு வந்தது.

பூசாரி பொட்டலத்தை விரித்துக் காட்டினார். பெரியப்பா கையைக் கூப்பி நின்றுவிட்டு, "சாமியே வேண்டாங்குது. அவங்களுக்கும் அப்பிடியே சொல்லிப்போடலாம். நம்ம மேல வருத்தப்பட மாட்டாங்க" என்றார். பெரிய சுமை இறங்கியவர்போலத்தான் இருந்தார். அப்பா மிச்சமிருந்த பொட்டலத்தை அவசரமாக எடுத்து அம்மா வைத்திருந்த மஞ்சள்பைக்குள் போட்டார். படி இறங்கும்போது அந்தப் பை அம்மா கையிலிருந்து என் கைக்கு வந்தது. நான் பின்தங்கி நின்று பொட்டலத்தைப் பிரித்தேன். வெள்ளை அரளியைத் தலையில் வைத்துக்கொள்ளலாம் என்று ஓர் ஆசை.

உள்ளே செவ்வரளிதான் இருந்தது.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இரண்டு கேள்வி கேட்டேன், சாமி இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிவிட்டது. கல்யாணமும் கிடையாது, வெண்கலமும் கிடையாது.

சாயங்காலம் பூங்காவில் அதேதான் சொன்னார்கள். பல்கேரியா மூன்று, நாம் ஒன்றுமில்லை. கூட்டம் கலைந்த பிறகும் அப்பா சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒலிம்பிக்கில் நாலாவது இடம் என்பதே பெரிய காரியம் என்று மில் ஆட்கள் சொல்லிக்கொண்டு போனார்கள். அப்பா காதில் அது விழவில்லை.

"என்னாலதான் போச்சு கண்ணு" என்றார்.

எனக்கு அழுகை முட்டியது. "இல்லீங்கப்பா, என்னாலதானுங்க. நான் மேட்சையும் சேத்துக் கேட்டுப்போட்டனுங்க. சாமி ரெண்டுக்கும் செவப்பு குடுத்துருச்சு. பைக்குள்ள இருந்த பொட்டலமும் செவப்புத்தானுங்க, பிரிச்சுப் பாத்தேன்."

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். அடி விழப்போகிறது என்று நான் தோளைக் குறுக்கிக்கொண்டேன். அவர் என்னை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

"இதை ஆருகிட்டயும் சொல்லீராத கண்ணு."

"ஏனுங்கப்பா?"

"சாமி நம்ம ரெண்டு பேருக்கு மட்டுந்தான் காட்டியிருக்குது."

எனக்கு ஒரே பெருமை. அத்தையிடம்கூடச் சொல்லவில்லை. என் வாய்க்கு அது பெரிய சாதனை.

அத்தை பயிற்சி முடித்து ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சரானாள். பிறகு அவள் மனசுக்குப் பிடித்த ஒரு வாத்தியாரையே கட்டிக்கொண்டு எங்கள் பக்கத்து வீதிக்கு வந்தாள். அந்தக் கல்யாணத்துக்குப் பூக் கேட்கவேண்டும் என்று பெரியப்பா சொன்னபோது, அப்பா முதல்முறையாக வேண்டாமுங்கண்ணா என்றார். சாயங்காலமானால் அத்தை வந்து அப்பாவுக்குப் பேப்பர் படித்துவிட்டுப் போவாள். டோக்கியோ ஆசிய விளையாட்டில் நம் டீம் மறுபடியும் நாலாவது என்று படித்தாள். ரோம் ஒலிம்பிக்கில் பிரான்சோடு சமமாக ஆடியும் முதல் சுற்றோடு திரும்பிவிட்டார்கள் என்று படித்தாள். ஒவ்வொரு தடவையும் அப்பா உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்பார். யாரையும் திட்டமாட்டார். கோல்கீப்பரைக்கூடத் திட்டமாட்டார்.

எனக்குப் பதினைந்து வயதானபோது ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டு நடந்தது. முதல் மேட்சிலேயே தென்கொரியாவிடம் தோற்ற நம் டீம், அதே கொரியாவை இறுதி ஆட்டத்தில் இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தது. அந்த ஊர்க் கூட்டம் முழுக்க நம்மை எதிர்த்துக் கூச்சல் போட்டதாம். தலையில் தையலோடு ஆடிய நம் ஆள் ஒருவர் ஒரு கோல் போட்டாராம். அத்தை படித்துக்கொண்டே வந்து தங்கம் என்ற இடத்தில் பேப்பரைக் கீழே வைத்தாள். அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். மறுநாள் காலையில் மில்லுக்கு லீவு சொல்லிவிட்டுத் தனியாக மலைக்கோயிலுக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். பந்துப் பைத்தியம் முற்றிவிட்டது என்று வீதியே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். அத்தை சிரிக்கவில்லை, அண்ணன் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானோ சந்தனத்தைக் குழைத்து அவர் தலையில் பூசிக்கொண்டே சத்தமாகச் சிரித்தேன்.

அவர் பொட்டலம் கட்டும்போது வெள்ளை அரளியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு சிவப்பையே இரண்டு தடவை அள்ளியிருக்கிறார் என்பது எனக்கு அப்போதும் தோன்றவில்லை. எருமைக்குக்கூடச் சாமியைக் கேட்டவர், தங்கைக்காக அந்தச் சாமியையே ஏமாற்றினார். அந்தக் கோபத்தைச் சாமி அவர்மேல் காட்டாமல், பாவம், மெல்போர்னில் ஓடிக்கொண்டிருந்த பதினொரு பேர்மேல் காட்டிவிட்டது என்று ஆறு வருஷம் நம்பிக்கொண்டிருந்தார். இதெல்லாம் எனக்கு எட்டியது என் மகளுக்கு வரன் பார்க்கும் வயதில்தான். கேட்டுத் தெளிய அப்பா அப்போது இல்லை.

அன்றைக்கு நான் கேட்டதெல்லாம், "ஒரு மெடல் ஜெயிச்சதுக்கு இவ்வளவு சந்தோசமாங்கப்பா?" என்பதுதான்.

"ஆமா கண்ணு" என்று அவர் தலையை இன்னும் கொஞ்சம் குனிந்து கொடுத்தார்.